பள்ளிச் சுகாதாரச் செவிலியர்: தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோருக்கான விளக்கம்

தொடக்கப் பள்ளி வயதில் ஏற்படும் உடல்நலக் குறைகள் பல வலி தருவதில்லை. ஒரு கண்ணில் பார்வை குறைந்த குழந்தை அதைப் பற்றி முறையிடாது. எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்றே அது எண்ணிக்கொண்டிருக்கும். கரும்பலகையில் உள்ளதைத் தவறாக எழுதும்போது, கவனம் இல்லை என்ற பெயர்தான் அதற்குக் கிடைக்கிறது. இத்தகைய குறைகளை உரிய வயதில் கண்டறிவதே பள்ளிச் சுகாதாரச் செவிலியரின் முதன்மைப் பணியாகும். கண்டறிந்த பின்னர் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் கையில் உள்ளது.

உங்கள் பள்ளிக்கு வரும் செவிலியர் யார்?

தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முழுநேரச் செவிலியர் இருப்பதில்லை. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் எனும் தேசியத் திட்டத்தின் கீழ், மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் அடங்கிய நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. தடுப்பூசி போன்ற பணிகளை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர் கவனிக்கிறார். குழு வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அன்று குழந்தையை விடுப்பு எடுக்கவிட வேண்டாம்.

பரிசோதனை நாளில்

உயரமும் எடையும் அளக்கப்படும். 6 மீட்டர் தொலைவில் மாட்டப்பட்ட அட்டையை, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிக்கொண்டு குழந்தை படிக்க வேண்டும். வீட்டில் பார்வைக் குறை தெரியாமல் போவதற்குக் காரணம், இரு கண்களும் திறந்திருக்கையில் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடுவதே. பயன்படுத்தப்படாத கண் காலப்போக்கில் பார்க்கும் திறனையே இழக்கக்கூடும். ஏழு, எட்டு வயதுக்கு முன்னர் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் மிகுதி. ஆகவே, 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பது இங்கு பொருந்தாது.

காதில் சீழ் வடிதல், சொத்தைப் பல், கண் இமையின் உட்புறத்தில் வெளிறல் ஆகியவையும் பார்க்கப்படும். தோலில் உள்ள வெளிறிய திட்டுகளைப் பல பெற்றோர் தேமல் என்று விட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் அது தேமலாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் முழுமையாகக் குணமாகக்கூடியது. அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. மறைப்பதற்கு இதில் எதுவுமில்லை.

பரிந்துரைச் சீட்டு கிடைத்தால்

மேல் பரிசோதனை தேவைப்படும் குழந்தையிடம் பரிந்துரைச் சீட்டு கொடுத்தனுப்பப்படும். புத்தகப் பையின் அடியிலேயே அது மடிந்து கிடந்துவிடுவது உண்டு. குழு வந்து சென்ற அன்று மாலை, பையை நீங்களே திறந்து பாருங்கள்.

பள்ளிச் செவிலியர் பணி உருவானதும் இத்தகைய சீட்டுகளின் காரணமாகவே. நியூயார்க் நகரில் தோல் நோயும் கண் நோயும் கண்ட குழந்தைகளை மருத்துவர்கள் சீட்டுடன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினர். சிகிச்சை கிடைக்காமல் அவர்கள் தெருவிலேயே இருந்தனர். 1902ஆம் ஆண்டு லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் பள்ளிகளில் அமர்த்தப்பட்டார். அவர் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். வீடுகளுக்கும் சென்று தாய்மார்களுக்கு விளக்கினார். ஓராண்டில், திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

சீட்டில் குறிப்பிட்டுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கோ குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். இத்திட்டத்தின் கீழ் மேல் சிகிச்சை இலவசம். தேவையெனில் அறுவைச் சிகிச்சையும் அவ்வாறே. ஒரு நாள் கூலியை இழந்து செல்வது எளிதன்று என்பதை மறுப்பதற்கில்லை. எந்த நாளில் சென்றால் உரிய மருத்துவரைப் பார்க்க இயலும் என்பதைச் செவிலியரிடம் முன்னரே கேட்டால் வீண் அலைச்சல் குறையும். கண்ணாடி அணிய வேண்டும் என்றால் பெண் குழந்தைக்கு அது தடையாகும் என்று தயங்க வேண்டாம். கண்ணாடி இல்லாவிட்டால் தடைபடுவது அவள் படிப்பு.

மாத்திரைகளும் தடுப்பூசிகளும்

5 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை இளஞ்சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. உணவுக்குப் பின்னரே அதை உட்கொள்ள வேண்டும். மலம் கருத்துப் போகலாம், அதனால் தீங்கில்லை. தலசீமியா உள்ள குழந்தைக்கு இம்மாத்திரை பொருந்தாது என்பதால், அந்நோய் இருப்பின் முன்னரே தெரிவியுங்கள். பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் குடற்புழு நீக்க மாத்திரை (அல்பெண்டசோல் 400 மில்லிகிராம்) தரப்படும். அதை மென்று விழுங்க வேண்டும். காய்ச்சல் முதலிய உடல்நலக் குறைவு இருப்பின் அன்று கொடுக்காமல், குணமான பின் கொடுப்பார்கள். 5–6 வயதில் முத்தடுப்பு ஊக்கத் தவணையும் 10 வயதில் டெட்டனஸ்–டிப்தீரியா தடுப்பூசியும் உரியவை. தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருங்கள்.

நீண்டகால நோய் உள்ள குழந்தைகள்

ஆஸ்துமா, வலிப்பு, முதல் வகை நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரிடமும் செவிலியரிடமும் சொல்லுங்கள். ஆண்டில் பெரும்பாலான நாள்களில் பள்ளியில் செவிலியர் இருக்கமாட்டார். ஆசிரியரே முதலில் உதவ வேண்டியிருக்கும். மருந்தின் பெயர், அளவு, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு வியர்வையும் நடுக்கமும் கண்டால், விழிப்புடன் இருக்கும்வரை உடனே சர்க்கரை கலந்த நீர் தர வேண்டும். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து நேரத்தைக் கவனிக்க வேண்டும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதோ வாயில் கரண்டி வைப்பதோ கூடாது. சாவியால் பயனில்லை, கரண்டியால் பல் உடையும். வலிப்பு ஐந்து நிமிடங்களைக் கடந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

எப்போது பள்ளிக்கு அனுப்பக்கூடாது?

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாள்களில் குழந்தை வீட்டில் இருக்கட்டும். சின்னம்மை கண்டால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்காகும் வரை அனுப்பக்கூடாது. தலையில் பேன் இருப்பதற்காக விடுப்பு எடுக்கத் தேவையில்லை. மருந்தைத் தடவிப் பேன் சீப்பால் வாருங்கள், வீட்டில் உள்ள அனைவருக்கும் பாருங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.