எண்ணிக்கையும் காரணமும்: ஆட்டிசக் கணக்கெடுப்பின் வரலாறும் சித்தூர், திருப்பதி வட்டாரமும்

பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சித்தூரிலோ திருப்பதியிலோ மருத்துவரிடம் போகும் பெற்றோர் எதிர்கொள்ளும் முதல் கேள்விகளில் ஒன்று, "சொந்தத்தில் கல்யாணமா?" என்பது. மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் "ஆமாம்" என்றதும், காரணம் கிடைத்துவிட்டது என்று உறவினர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆட்டிசம் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று ஒழுங்காக எண்ணுவதற்கு முன்பே ஏன் வந்தது என்று தீர்ப்பு எழுதினால், பழி கைக்கெட்டியதன் மேல்தான் விழும். அமெரிக்காவில் குடியேறிய சோமாலியர் அனுபவத்தையும் நம் வட்டார வரலாற்றையும் ஒப்பிட்டு இதை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

மினியாபொலிஸ் காட்டிய பாடம்

1991இல் முற்றிய உள்நாட்டுப் போருக்குப் பின் சோமாலியர் பலர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குடியேறினர். மினியாபொலிஸ் நகரின் ஆட்டிச வகுப்புகளில் தங்கள் பிள்ளைகள் மிகுதியாக இருப்பது 2008இல் அவர்களிடையே பெரும் கவலையாக எழுந்தது. மாநில சுகாதாரத் துறையின் 2009ஆம் ஆண்டு அறிக்கை அந்தக் கவலைக்கு அடிப்படை உண்டு என்றது. ஆனால் அது அளந்தது வகுப்பில் சேர்ந்தோர் விகிதத்தை. சமூகத்தில் ஆட்டிசத்தின் பரவலை அல்ல.

ஸ்டாக்ஹோமிலும் இதே கேள்வி எழுந்திருந்தது. 1988 முதல் 1998 வரை பிறந்தோரிடையே, அறிவுத்திறன் குறைபாட்டுடன் கூடிய ஆட்டிசம் சோமாலியப் பிள்ளைகளில் 0.7 சதவீதம், ஏனையோரில் 0.19 சதவீதம் என்றது 2008இல் வெளியான ஆய்வு. வெயில் குறைந்த வடநாட்டில் கருநிறத் தோலுள்ள தாய்மாருக்கு வைட்டமின் டி குறைவதே காரணம் என்றனர் சிலர். புலம்பெயர்ந்த மன அழுத்தம் என்றனர் வேறு சிலர். எதுவும் இன்றுவரை உறுதிப்படவில்லை.

மினசோட்டா பல்கலைக்கழகம் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டது. சோமாலியரில் 32 பேருக்கு ஒருவர், வெள்ளையரில் 36 பேருக்கு ஒருவர். புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. ஆனால் ஆட்டிசம் கண்டறியப்பட்ட சோமாலியப் பிள்ளைகள் அனைவருக்கும் அறிவுத்திறன் குறைபாடும் இருந்தது. மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே அது இருந்தது. எத்தனை பேர் என்ற கேள்வி, ஏன் இவ்வளவு கடுமை என்று மாறியது. லேசான பாதிப்புள்ள சோமாலியப் பிள்ளைகள் கணக்கில் விடுபட்டார்களா என்ற ஐயமும் கூடவே எழுந்தது.

இதற்குள் தடுப்பூசிமேல் பழி விழுந்துவிட்டது. தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்ததும், லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றதுமான கட்டுரையின் ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டே மினியாபொலிஸுக்கு வந்து சோமாலியரிடம் பேசினார். அங்குள்ள சோமாலியக் குழந்தைகளில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டோர் 2004இல் 92 சதவீதம். 2014இல் 42 சதவீதம். 2017இல் மாநிலத்தில் 75 பேருக்குத் தட்டம்மை கண்டது. பெரும்பாலோர் சோமாலியப் பிள்ளைகள்.

இந்தியக் கணக்கு

இந்தியச் சட்டம் ஆட்டிசத்தைத் தாமதமாகவே கண்டுகொண்டது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் அதற்கு இடமில்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது; 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக்கட்டமே இல்லை. ஆகவே சித்தூர் மாவட்டத்துக்கு அதிலிருந்து எந்த எண்ணும் கிடைக்காது.

அளவுகோல் செகந்திராபாத்தில் உருவானது. அங்குள்ள மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் 2009இல் வெளியிட்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண் பார்த்துப் பேசுகிறதா? "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா?" என்றே திருப்பிச் சொல்கிறதா? மொத்தம் 70ஐத் தொட்டால் 40 சதவீதக் குறைபாடு எனச் சான்று கிடைக்கும். வீட்டில் தமிழும் அங்கன்வாடியில் தெலுங்கும் கேட்டு வளரும் பிள்ளையின் பேச்சுத் தாமதத்தை "ரெண்டு பாஷை குழப்பம்" என்று தள்ளிப்போடுவது எளிது. இரு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை; தள்ளிப்போடுவதால் பிள்ளை கணக்கில் விடுபடுகிறது.

காங்ரா, பல்வல், டேங்கானால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 3,964 பிள்ளைகளை ஆராய்ந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆறு வயதுக்குட்பட்டோரில் சுமார் 1 சதவீதம், 6 முதல் 9 வயதினரில் 1.4 சதவீதம் என்றது அது. இலங்கையில் 2009இல் வெளியான ஆய்வும் 93 குழந்தைகளுக்கு ஒன்று என்றே கண்டது.

சொந்தத்தில் கொடுத்து எடுத்தல்

1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் ஒரு பகுதி வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து வந்தது. இன்றைய ஆந்திர, தமிழக எல்லைக்கு இருபுறமும் அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் முடிப்பது ஒரே வழக்கம். மரபியலாளர் ஹால்டேனின் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு, மீரா கானுடன் சேர்ந்து 1960 அளவில் ஆந்திரத்தில் இதை ஆராய்ந்தார். தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவில் மணந்ததால் தீய மரபணுக்கள் களைந்துபோயிருக்கலாம் என்று 1966இல் மரபியலாளர் சங்வி கருதினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்.எஸ். ராவ், எஸ்.ஜி. இன்பராஜ் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வும் உறவில் மணந்தோருக்கும் மற்றவர்களுக்கும் இடையே கருவுறுதல், கரு இழப்பு ஆகியவற்றில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை.

ஆட்டிசத்தைப் பொறுத்தவரை 2015இல் வந்த இந்திய ஆய்வு ஒன்று, உறவுத் திருமணத்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்கு கூடுவதாகக் கூறியது. புறக்கணிக்க முடியாத முடிவு. ஆனால் 1990களின் தொடக்கத்தில் தமிழகத்தில் ஏறக்குறைய பாதித் திருமணங்கள் சொந்தத்துக்குள். இன்று தமிழகத்திலும் ஆந்திரத்திலும் நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். சரிந்துவரும் வழக்கம், கூடிவரும் ஆட்டிசப் பதிவுகளை விளக்காது. கண்டறிதல் பரவியதே அதற்கு மேலான விளக்கம்.

முடிவு

மினியாபொலிஸில் தடுப்பூசி ஏற்ற பழியை இங்கே உறவுத் திருமணம் ஏற்கிறது. முன்னது ஆய்வுகளால் பொய்யென்று நிறுவப்பட்டது. பின்னது பகுதி உண்மை. இரண்டிலும் சுமை விழுவது தாயின் தலையில்தான். 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமானதால் பழைய சித்தூர் மாவட்ட எண்களோடு ஒப்பிடுவதும் கடினம். வேலூருக்கோ சென்னைக்கோ போய்க் காட்டும் பிள்ளைகள் ஆந்திரக் கணக்கில் விடுபடவும் கூடும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் ஆட்டிசம் உண்டு. அந்தப் பரிசோதனையைத் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே அளவுகோலில் நடத்தி, மாவட்டவாரி எண்ணை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை இரண்டே: தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள், காரணம் தெரியட்டும் என்று பிள்ளைக்கான பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.