நிறமிலாப் பொருளும் வண்ணப்பிரிகையும்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

கலவைப் பொருளொன்றைக் கரைத்து, நுண்துகள் அடைத்த குழலின் வழியே நீர்மத்தோடு செலுத்தி, அதன் கூறுகளைத் தனித்தனியே பெறும் முறை நீர்மக் குரோமட்டோகிராபி எனப்படும். குரோமட்டோகிராபியைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘வண்ணப்பிரிகை முறை’ என வழங்குகின்றன. மூலச்சொல்லின் கிரேக்க வேர்கள் நிறத்தையும் எழுத்தையும் குறிப்பன. ஆயின், கொச்சியை அடுத்த காக்கநாட்டில் இயங்குவது போன்ற உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் இம்முறையால் ஆராயப்படுவனவற்றுள் பல நிறமற்றவை. நிறமில்லாதவற்றைப் பிரிக்கும் முறைக்கு நிறத்தால் பெயர் அமைந்தது எங்ஙனம் என்பதும், அப்பெயரைத் தமிழில் பேணுதல் தகுமா என்பதும் ஆராயத்தக்கன.

இச்சொல்லை ஆக்கியவர் மிகையில் சுவெட் என்னும் உருசியத் தாவரவியலார். அவர் 1903இல் வார்சாவில் நிகழ்த்திய உரையில் தம் பிரிப்பு முறையை விளக்கினார். 1906இல் செருமன் மொழியில் வெளியிட்ட கட்டுரைகளில் அதற்குப் பெயரிட்டார். சுண்ணத்தூள் அடைத்த கண்ணாடிக் குழலில் இலைச்சாற்றை ஊற்றியபோது பச்சையும் மஞ்சளுமாகிய பட்டைகள் படிந்தன. கண்டதையே பெயராக்கினார் எனலாம். சுவெட் என்னும் குடும்பப் பெயருக்கு உருசிய மொழியில் நிறம் என்பதும் ஒரு பொருளாதலின், அவர் தம் பெயரையே சொல்லுள் மறைத்தார் எனக் கருதுவாரும் உளர். இது சுவையான கருத்தேயன்றிச் சான்றுடையதன்று. நிறமற்ற சேர்மங்களும் இந்நெறிக்கு உட்படும் என்பதை அவரே அக்காலத்தில் எழுதியுள்ளமை இங்குக் கருதத்தக்கது. பெயர் குறுகியது; கருத்து அங்ஙனம் குறுகியதன்று.

இம்முறையின் மறுவாழ்வு ஒரு மொழிபெயர்ப்பினால் நேர்ந்தது. சுவெட்டின் விரிவான நூல் 1910இல் உருசிய மொழியில் வெளிவந்தது. வில்சுடேட்டர் என்னும் செருமன் வேதியியலார் அதனைத் தம் பயன்பாட்டிற்காகச் செருமனில் பெயர்க்கச் செய்தார், அப்பெயர்ப்பு அச்சேறவில்லை. அவருடைய மாணாக்கரான ரிச்சர்டு கூன் வழியாக அது எட்கர் லெடரர் கைக்கு வந்தது. 1931இல் ஐடல்பெர்க்கு நகரில் அவர்கள் முட்டை மஞ்சள் முதலியவற்றின் நிறமிகளை இம்முறையால் பிரித்துக் காட்டியபின்னரே உலகம் இதனை ஏற்றது. சுவெட் 1919இலேயே மறைந்துவிட்டார். அச்சேறாத தட்டச்சுப் படியொன்று ஓர் அறிவியல் துறையை மீட்டதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

1941இல் மார்ட்டினும் சிஞ்சும் இரு நீர்மங்களிடையே பொருள் பங்கிடப்படும் இயல்பை அடிப்படையாகக் கொண்டு முறையை விரித்தனர். 1952இல் நோபல் பரிசு பெற்றனர். துகள் நுண்ணியதாயின் பிரிப்பு சிறக்கும். ஆனால் நீர்மத்தை உந்தப் பேரழுத்தம் வேண்டும். இவ்வழியில் வளர்ந்த கருவிமுறைக்கு 1970இல் சாபா ஓர்வாத் ‘எச்.பி.எல்.சி.’ என்னும் சுருக்கத்தை வழங்கினார். அதன் இரண்டாம் எழுத்து முதலில் அழுத்தத்தைக் குறித்தது; பின்னர்ச் செயல்திறனைக் குறிப்பதாயிற்று. எழுத்து மாறாமல் பொருள் மாறிய இதனைப் பெயர்ப்போர் ‘உயர் அழுத்த’ என்பதா, ‘உயர் செயல்திறன்’ என்பதா என்பதை மூலநூலின் ஆண்டு நோக்கியே துணிதல் வேண்டும். கருவியின் குழலை ஆங்கில ஒலிப்படி ‘காலம்’ என எழுதுவதும் தீங்கு தரும். பொருள் குழலில் தங்கும் நேரத்தைக் குறிக்கும் ‘தங்கு காலம்’ என்பதனோடு அது மயங்கும்.

கொச்சியின் மட்டாஞ்சேரி நெடுங்காலமாக மிளகு வணிகத்திற்குப் பெயர்பெற்றது. அங்குக் கண்ணும் மூக்கும் கையும் செய்துவந்த தர ஆய்விற்குத் துணையாகக் குழலும் வந்தது. 2003இல் இந்திய மிளகாய்ப் பொருள்களில் சூடான்–1 என்னும் செயற்கைச் சாயம் கண்டறியப்பட்டதும், ஐரோப்பிய ஒன்றியம் சூன் மாதத்தில் ஆய்வுச் சான்றினைக் கட்டாயமாக்கியது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியமும் அவ்வாண்டிலேயே ஏற்றுமதி மிளகாய்க்கு ஆய்வைக் கட்டாயமாக்கியது. 2005இல் சாயம் கலந்த மிளகாய்த்தூளின் பொருட்டுப் பிரித்தானியக் கடைகளிலிருந்து 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. மிளகாயின் இயல்நிறமும் சிவப்பு. சாயமும் செம்மை சார்ந்தது. கண்ணால் பிரித்தறிய இயலாத இரு சிவப்புகளைக் குழல் பிரித்தது. இங்கு மட்டும் பெயரும் தொழிலும் மீண்டும் ஒன்றாயின.

பூஞ்சை நஞ்சாகிய அஃப்ளாடாக்சின் வேறு வகையினது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையாக மடிந்தபின் அறியப்பட்ட இந்நஞ்சின் பி, ஜி எனும் வகைகள், புறஊதாக் கதிரில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தமையால் அந்நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகளைப் பெற்றன. மிளகாய், மிளகு, இஞ்சி, மஞ்சள் முதலியவற்றில் பி–1 வகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த வரம்பு கிலோவிற்கு 5 மைக்ரோகிராம். இத்துணை நுண்ணளவில் நிறம் என்பது பெயரில் எஞ்சுவதேயன்றிக் கண்ணுக்குப் புலனாவதன்று.

‘வண்ணம்’ என்னும் தமிழ்ச் சொல் நிறத்தை மட்டும் குறிப்பதன்று. தொல்காப்பியம் செய்யுளியலில் கூறும் இருபது வண்ணங்கள் ஓசை பற்றியன; ‘அவ்வண்ணம்’ என்புழி அது விதத்தைக் குறிக்கும். வகை வகையாகப் பிரித்தல் எனப் பொருள்கொள்ளின், மூலச்சொல்லுக்கு வாய்க்காத பொருத்தம் வண்ணப்பிரிகைக்கு வாய்க்கிறது. ‘நிறப்பிரிகை’ என்பதற்கு இவ்வாய்ப்பில்லை. இயற்பியலில் ஒளி பல நிறங்களாகப் பிரிதலுக்கு அது முன்னரே உரியதாகிவிட்டது. ஆகவே இவ்விரண்டனையும் ஒன்றற்கு ஒன்றாக வழங்குதல் தவிர்க்கத்தக்கது.