மரஸ்கேலோடு போய் எஞ்சின் தேடிய கதை

பழைய காருல பெரிய எஞ்சினைத் தூக்கி மாட்டினா வண்டி பறக்கும்ங்கிற ஆசை, கார் எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. எஞ்சின் ஸ்வாப்னு ஆரம்பிச்சா எல்லாரும் கலிபோர்னியா ஹாட் ராட் பசங்களையோ, கரோல் ஷெல்பியோட கோப்ராவையோதான் சொல்வாங்க. நான் சொல்லப்போறது கோப்ராவோட ஒண்ணுவிட்ட தம்பி, சன்பீம் டைகர். பெரும்பாலும் இந்தக் கார் பத்தி எழுதறவங்க "கிரைஸ்லர் வாங்கினான், கொன்னுட்டான்"னு ரெண்டு வரியில முடிச்சிடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை.

முதல்ல அந்தப் பழைய கார். இங்கிலாந்துல ரூட்ஸ் குழுமம்னு ஒரு குடும்பக் கம்பெனி. ஹில்மன், ஹம்பர், சிங்கர், சன்பீம் எல்லாம் அவங்க பிராண்டுகள். 1959-ல சன்பீம் ஆல்பைன்னு ரெண்டு பேர் உட்கார்ற திறந்த கார் விட்டாங்க. பார்க்க அம்சமா இருக்கும். 1962-ல வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படம் 'டாக்டர் நோ'வுல ஷான் கானரி மலைப்பாதையில ஓட்டிட்டுப் போறது இதைத்தான். ஆனா அடியில இருக்கிற தளம் ஹில்மன் ஹஸ்கிங்கிற சாதுவான குடும்ப வண்டியோடது. ரெண்டாவது சீரிஸ்ல எஞ்சின் 1,592 சிசி, சுமார் 80 குதிரைத்திறன். அமெரிக்காக்காரனுக்கு இது பத்துமா? மூஞ்சி ரேஸ் கார், மூச்சு குடும்பக் கார்.

ரூட்ஸ்காரங்க முதல்ல போய்க் கதவைத் தட்டினது ஃபெராரிகிட்ட! இந்த நாலு சிலிண்டர் எஞ்சினையே கொஞ்சம் மெருகேத்திக் கொடுங்க, "பவர்ட் பை ஃபெராரி"னு எழுதி வித்துக்கறோம்னு. பேச்சுவார்த்தை நல்லாத்தான் போச்சு, அப்புறம் புட்டுக்கிச்சு.

ஃபோர்டு வி8 போடலாமேன்னு யோசனை சொன்னது ஃபார்முலா ஒன் சாம்பியன் ஜாக் பிராபம். அவர் ரூட்ஸ் போட்டிப் பிரிவுத் தலைவர் நார்மன் கேராட்கிட்ட சொல்ல, நார்மன் தன் மகன் இயன் கேராட்கிட்ட சொல்ல, இயன் அப்போ ரூட்ஸோட அமெரிக்க மேற்குக் கரை விற்பனை மேலாளர். அவர் இருந்தது லாஸ் ஏஞ்சலஸ், ஷெல்பியோட பட்டறைக்குப் பக்கத்துல. ஷெல்பி ஏற்கனவே 1962-ல ஏசி ஏஸ்ங்கிற இங்கிலீஷ் வண்டியில ஃபோர்டு வி8 போட்டு கோப்ரா ஆக்கியிருந்தார்.

இப்பதான் எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம். எந்த எஞ்சின் ஆல்பைன் பானெட்டுக்குள்ள அடங்கும்? இயன் கேராட் தன் சர்வீஸ் மேனேஜர் கையில ஒரு மரஸ்கேலைக் கொடுத்து, ஊர்ல இருக்கிற கார் ஷோரூம் எல்லாம் போய் எஞ்சினை அளந்துட்டு வாப்பான்னு அனுப்பினார். கம்ப்யூட்டர் இல்லை, வரைபடம் இல்லை, ஆராய்ச்சிக் குழு இல்லை. அளந்து பார்த்ததுல தேறினது ஃபோர்டோட 260 கன அங்குல வி8, அதாவது சுமார் 4.2 லிட்டர். ஆல்பைனோட பழைய எஞ்சினைவிட இது மூணரை அங்குலம்தான் நீளம் அதிகம். அகலம்தான் பிரச்சனை.

ஷெல்பிகிட்ட கேட்டா, மாதிரி வண்டி பண்ண எட்டு வாரம், 10,000 டாலர்னார். பொறுமை இல்லாத இயன், கென் மைல்ஸ்கிட்ட போனார். (2019-ல வந்த 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்துல கிறிஸ்டியன் பேல் நடிச்சாரே, அதே மைல்ஸ்தான்.) 800 டாலர், ஒரு ஆல்பைன், ஒரு வி8, ரெண்டே கியர் இருக்கிற ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஒரு வாரம் போல எடுத்துக்கிட்டார், வண்டி ஓடிச்சு. சேரும்ங்கிறது நிரூபணம் ஆச்சு. 1963-ல ஷெல்பியோட வண்டியும் தயாராச்சு. அவர் எஞ்சினை நல்லா பின்னாடி தள்ளி வைச்சதால முன்பாரம் அதிகம் ஏறலை. பழைய ஸ்டியரிங் அமைப்பைக் கழட்டிட்டு ராக் அண்ட் பினியன் போட்டாங்க.

இவ்வளவும் பெரியவருக்குத் தெரியாம! காசை ஒதுக்கினது அவர் மகன் பிரையன் ரூட்ஸ். லார்டு ரூட்ஸுக்கு விஷயம் தெரிஞ்சதே வண்டியைக் கப்பல்ல ஏத்தி இங்கிலாந்துக்கு அனுப்பற சமயத்துலதான். கடுகடுன்னுதான் வந்தார். ஓட்டிப் பார்த்தார். அப்புறம் அவரே ஹென்றி ஃபோர்டு II-கிட்ட நேரா பேசி 3,000 எஞ்சினுக்கு ஆர்டர் கொடுத்துட்டார். ஃபோர்டுக்கு இன்னொரு கார் கம்பெனிகிட்ட இருந்து அதுவரை வந்ததுலயே பெரிய ஆர்டர் அதுதான்.

தயாரிப்பு ஷெல்பிக்குக் கிடைக்கலை, ஒரு வண்டிக்கு இவ்வளவுன்னு ராயல்டி மட்டும். வேலை போனது வெஸ்ட் பிரோமிச்ல இருந்த ஜென்சன் கம்பெனிக்கு. வால்வோ பி1800 ஒப்பந்தம் கைவிட்டுப் போய் அவங்க சும்மா இருந்த நேரம். அங்கே ஒரு கூத்து. பெயின்ட் அடிச்சு முடிஞ்ச பாடி வரும். எஞ்சின் உள்ளே போக இடம் போதாது. அதனால எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவுல இருக்கிற தகட்டை ஒருத்தர் சம்மட்டியால அடிச்சு உள்ளே தள்ளுவார். ஒவ்வொரு வண்டிக்கும்! இடது பக்கம் கடைசி ஸ்பார்க் பிளக்கைக் கழட்டணும்னா காருக்குள்ள இருந்து அந்தத் தகட்டுல இருக்கிற ஓட்டை வழியாத்தான் கைவிடணும். வெயில் காலத்துல எஞ்சின் சூடு ஏறுதுங்கிற புகார் கடைசிவரை தீரலை. பவர் 164 குதிரைத்திறன், பழசைப்போல ரெண்டு மடங்கு. வேகம் மணிக்கு 120 மைல் வரை.

1926-ல ஹென்றி சீக்ரேவ் தரைவழி வேக சாதனை படைச்ச சன்பீம் காரோட பேரையே எடுத்து 'டைகர்'னு வைச்சு, 1964 ஏப்ரல்ல நியூயார்க் கார் கண்காட்சியில காட்டினாங்க. விலை 3,499 டாலர்.

நிற்க. அதே ஏப்ரல், அதே நியூயார்க், 17-ம் தேதி. உலகக் கண்காட்சியில ஃபோர்டு ஒரு புதுக் காரை அறிமுகப்படுத்தினான். பேரு மஸ்டாங். ஆறு சிலிண்டர் வண்டி 2,368 டாலர்ல இருந்து ஆரம்பம். கொஞ்சம் கூடக் கொடுத்தா வி8 வரும். எந்த வி8? அதே 260, அதே 164 குதிரைத்திறன்! பின்சீட்டும் உண்டு, ஊருக்கு ஊர் டீலரும் உண்டு. முதல் பன்னிரண்டு மாசத்துல மஸ்டாங் 4 லட்சத்துக்கு மேல வித்துது. டைகர் மொத்த ஆயுசுலயும் ஏழாயிரத்துச் சொச்சம். எஞ்சின் வித்தவனே அதே எஞ்சினைப் போட்டு ஆயிரம் டாலர் கம்மியா எதிர்க்கடை போட்டா என்ன பண்றது? டைகரை முதல்ல அடிச்சது கிரைஸ்லர் இல்லை, ஃபோர்டுதான்னு நான் சொல்றது இதனாலதான்.

கிரைஸ்லர் அப்புறம்தான் வர்றான். ரூட்ஸ் அப்போ ஏகப்பட்ட கடன்ல இருந்துது. ஸ்காட்லாந்துல லின்வுட்ங்கிற ஊர்ல புதுத் தொழிற்சாலை கட்டி, 1963-ல விட்ட ஹில்மன் இம்ப் கார் கையைக் கடிச்சது. 1964 ஜூன்ல கிரைஸ்லர் உள்ளே காலை வைச்சான். ஓட்டுரிமைப் பங்குல 30 சதவீதம். டைகர் உற்பத்தி ஆரம்பிச்சதும் அதே ஜூன்லதான். அந்த டிசம்பர்லயே லார்டு ரூட்ஸ் இறந்துட்டார். ஆக, போட்டிக் கம்பெனியோட எஞ்சின் வைச்ச காரை கிரைஸ்லர் டீலரே விக்கிற நிலைமை. சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் புரியும். வெளியாள் எழுதின லைப்ரரியை நம்பி ப்ராடக்ட் கட்டி முடிச்ச அன்னைக்கு, அந்த வெளியாளோட பரம எதிரி நம்ம கம்பெனியை வாங்கினா எப்படி இருக்கும் :-)

பாவம், கிரைஸ்லர் முயற்சி பண்ணாம இல்லை. அவன்கிட்டயும் 273 கன அங்குலத்துல ஒரு சின்ன வி8 இருந்துது. ஆனா டிஸ்ட்ரிபியூட்டர் எங்க இருக்குங்கிறதுல மாட்டிக்கிச்சு. ஃபோர்டு எஞ்சின்ல அது முன்னாடி. கிரைஸ்லர் எஞ்சின்ல பின்னாடி, சரியா அந்தச் சம்மட்டி அடி வாங்கின தகட்டுகிட்ட. அதை மாட்டணும்னா பாடியையே மாத்தி வடிவமைக்கணும். வருஷத்துக்கு ரெண்டாயிரம் சொச்சம் விக்கிற வண்டிக்கு எவன் அந்தச் செலவைப் பண்ணுவான்? நானா இருந்தாலும் பண்ணியிருக்க மாட்டேன். இருந்தும் மூணு வருஷம் ஓட்டினான். 'பவர்ட் பை ஃபோர்டு 260'னு இருந்த பேட்ஜைக் கழட்டிட்டு 'சன்பீம் வி-8'னு ஒட்டினதோட சரி. கடைசியில 289 கன அங்குல ஃபோர்டு எஞ்சினோட மார்க் II சில நூறு வண்டிகள் வந்துது. 1967-ல கிரைஸ்லர் ரூட்ஸை முழுசா கையில எடுத்தான், அந்த வருஷமே டைகருக்கு மூடுவிழா.

இப்போ அசல் டைகருக்கு விலை அதிகம், சாதா ஆல்பைனுக்குக் கம்மி. அதனால ஆல்பைனை வாங்கி ஃபோர்டு வி8-ஐ உள்ளே தள்ளி டைகர்னு வித்தவங்களும் உண்டு. அந்த மாதிரி வண்டிக்கு 'அல்ஜர்'னு பட்டப்பேர். இதைக் கண்டுபிடிக்கவே அமெரிக்காவுல டைகர் உரிமையாளர் சங்கம் ஒரு பரிசோதனை ஏற்பாடு வைச்சிருக்கு. விஷயம் தெரிஞ்சவங்க வந்து, ஜென்சன் தொழிற்சாலையில பண்ணின வேலையோட அடையாளங்கள் பாடியில இருக்கான்னு பார்த்து அசல்னு சான்றிதழ் தர்றாங்க. 1963-ல கென் மைல்ஸ் 800 டாலர் வாங்கிட்டு ஒரு வாரத்துல பண்ணின வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினா, அதுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது.