தணிவு

தஞ்சோங் ரம்புத்தானில் பக்கத்து வீட்டுப் பாட்டி, ரத்தப் புற்றுநோய் கண்ட பேரனைப் பற்றி, "ரெமிஷனாம், குணமாயிருச்சுப்பா" என்று பூரித்தார். மகிழ்ந்தேன், ஆனால் ரெமிஷன் என்பது குணம் அல்ல. லத்தீன் வேருக்குத் 'திருப்பி அனுப்பு', 'தளர்த்து' என்று பொருள். பாவமன்னிப்பையும் கடன் தள்ளுபடியையும்கூடக் குறித்த சொல். சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு தந்த அமினோப்டெரின் மருந்தால் பாஸ்டன் குழந்தைகள் சிலருக்கு இந்நோய் அடங்கிய செய்தி 1948இல் வெளியானது. அது தற்காலிக அடக்கமே. இன்று மரபணுச் சோதனை, பத்தாயிரம் உயிரணுக்களில் ஒளிந்திருக்கும் ஒரு புற்றுநோய் உயிரணுவையும் காட்டிவிடுகிறது. ரெமிஷனுக்கு நம்மிடம் 'தணிவு' என்ற சொல் இருக்கிறது. நெருப்பு தணியும், தாகம் தணியும். முருகனின் சினம் தணிந்த இடம் தணிகை. தணிந்தது மீண்டும் மூளலாம் என்ற எச்சரிக்கையும் அதிலேயே உண்டு. 'நோய்த்தணிவு' என்போம், அப்போதுதான் அடுத்த வேளை மருந்து தவறாது.