மாக்கல்லும் புர்மாவும்

நாமக்கல் என்றதும் நகர் நடுவே ஒரே பாறையாய் எழுந்து நிற்கும் மலையே நம் நினைவுக்கு வரும். அம்மலையில் எட்டாம் நூற்றாண்டளவில் குடையப்பெற்ற இரு குடைவரைக் கோயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என அங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது. குடைவித்த அதியர் மரபின் பெயர் நிலைத்தது. உளி பிடித்தவர் பெயர் நிலைக்கவில்லை.

1997இல் தனி மாவட்டமாகும் வரை நாமக்கல் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அச்சேலம் வேறொரு கல்லுக்கும் பேர்பெற்றது. அதுவே மாக்கல். நாமக்கல் பாறை உளிமுனையை மழுக்கும் வன்மையுடையது. மாக்கல்லோ நகத்தால் கீறினும் தடம் விழும் மென்மையுடையது. இதைக் குடைந்து செய்ததே நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த கல்சட்டி. புளிப்பு அதைத் தின்னாது. அடுப்பை விட்டு இறக்கிய பின்னும் நெடுநேரம் சூடு நிற்கும்.

மத்ரஸாவில் ஹதீஸ் ஓதுவோர் ‘புர்மா’ என்னும் சொல்லை அறிவர். ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) நிகழ்ந்த அகழ்ப்போரின்போது ஜாபிர் (ரலி) அவர்கள் இல்லத்தில் நாயகம் (ஸல்) அவர்களுக்காக இறைச்சி வெந்த பாத்திரம் புர்மாவே. அதற்குச் ‘சட்டி’ எனப் பொருள் கூறி மேலே ஓதிச் செல்வது வழக்கம். ஆனால் ஹிஜ்ரி 606இல் மறைந்த மஜ்துத்தீன் இப்னுல் அஸீர், ஹிஜாஸிலும் யமனிலும் அறியப்பட்ட கல்லால் ஆன சட்டிக்கே அப்பெயர் முதலில் வழங்கியது என ‘அந்நிஹாயா’வில் விளக்குகிறார். அரபு மண்ணின் அகழாய்வுகளிலும் மாக்கல் பாத்திரங்கள் கிடைத்துள்ளன. ஹிஜாஸின் அடுப்பும் சேலத்து அடுப்பும் கல்லால் உறவு கொண்டவை அன்றோ!

இருபதாம் நூற்றாண்டில் அலுமினியமும் எவர்சில்வரும் வந்து கல்சட்டியைப் பரணில் ஏற்றின. அண்மைக் காலத்தில் நகரத்தார் அதை மீண்டும் தேடி வாங்குகின்றனர். வாங்குவோர் பெருகினால் மட்டும் தொழில் வாழாது. செய்முறை அறிந்த கைகளும் பெருக வேண்டும்.

பொழுதுபோக்காகக் கல் செதுக்கக் கற்க விழைவோர்க்கு மாக்கல்லே தக்க முதற்பாடம். உள்ளங்கையளவு கிண்ணம் ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். வாயின் வட்டத்தைக் குறித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறுசிறு தட்டாகக் குடைய வேண்டும். சுவர் மெலிந்தால் ஒரே தட்டில் பிளந்துவிடும். எடுத்த கல்லை மீண்டும் ஒட்டவும் இயலாது. பின்னர் அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்க்கலாம். மாக்கல் சிலவற்றில் கல்நார் இழையும் கலந்திருக்கும். ஆதலின் கல்லை நனைத்தே வேலை செய்க. தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் அணிக.

அரசர் குடைவித்த பாறையைக் காக்க அரசுத் துறை உண்டு. பெயரற்ற கைவினைஞர் நம் அடுக்களைக்குத் தந்த சட்டியைக் காக்க நம்மையன்றி எவருளர்? பரணில் கிடப்பதை இறக்கி, விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி, வடிகஞ்சி ஊற்றிச் சில நாள் பழக்குவோம். அதன் உட்புறத்தில் உளித்தடம் உளதா எனப் பிள்ளைகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வோம். கற்கும் ஆசை அங்கே தொடங்கட்டும்.