விலைபோன கண்கள்

யுத்தம் என்றதும் நமக்கு யானையும் குதிரையும் பீரங்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் சேனையின் கைகால்கள். அதன் கண்கள் ஒற்றர்கள். எத்தனை கண்கள் இருந்தன என்பதைவிட எந்தக் கண்ணை நம்பினார்கள் என்பதே பெரிது. இதற்குத் தஞ்சைச் சீமையிலேயே ஓர் உதாரணம் உண்டு.

1782-ஆம் வருஷம், பிப்ரவரி மாதம். ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் 1780-இல் மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. முந்தின வருஷந்தான் ஹைதரின் குதிரைப்படை தஞ்சைச் சீமையைச் சூறையாடியிருந்தது. கும்பகோணத்தை அடுத்த கொள்ளிடக் கரையில், அன்னக்குடியில், கர்னல் பிரெய்த்வெயிட் கூடாரமடித்திருந்தார். அவரிடம் ஐரோப்பியர் சுமார் 100 பேர், சிப்பாய்கள் 1,500 பேர், குதிரை வீரர் 300 பேர். இடமோ வெட்டவெளி. ஆனால் பகைவன் வருவதென்றால் பெரிய ஆறுகளைத் தாண்டியல்லவா வரவேண்டும் என்று தைரியமாக இருந்தார். மேட்டூர் அணை இல்லாத அந்தக் காலத்தில், மாசி மாதத்து ஆறு குதிரைக்கு எவ்வளவு தடை என்பதைக் காவிரிக் கரையில் பிறந்த எந்தப் பையனும் சொல்லியிருப்பான்.

கர்னலிடம் ஒற்றர்கள் இல்லாமல் இல்லை. ஹர்க்காராக்கள் என்று பெயர். துப்பறிவதும், சேதி கொண்டு ஓடுவதும், வழி காட்டுவதும் அவர்கள் தொழில். அவர்களை ஹைதர் விலைக்கு வாங்கிவிட்டார். ஆபத்து நெருங்குகிறது என்று உள்ளூர்வாசி ஒருவர் வந்து சொன்னபோது, கர்னல் அதை நம்பவில்லை என்று ஆங்கிலச் சரித்திரக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். சம்பளம் வாங்குகிறவன் சொல்லாததைச் சும்மா வந்தவன் சொன்னால் எடுபடுமா?

திப்பு சுல்தான் வந்து சூழ்ந்துகொண்டார். குதிரைப்படை 10,000, காலாட்படை 10,000, பீரங்கிகள் 20, லாலி என்ற அதிகாரியின் கீழ் பிரெஞ்சுக்காரர் 400 பேர். கம்பெனிச் சேனை சதுர வியூகம் வகுத்து, 16-ஆம் தேதி முதல் 18 வரை தாக்குப் பிடித்தது, பிறகு வீழ்ந்தது. படுகொலை மிஞ்சிவிடாமல் தடுத்தவர் அந்த லாலிதான். கர்னல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்து, 1784-இல் சமாதானம் ஆன பிறகே விடுதலை பெற்றார்.

இதே யுத்தத்தின் தொடக்கத்தில், 1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்திலிருந்து பெய்லியின் உதவிக்குப் புறப்பட்ட பிளெட்சருக்கும் இப்படித்தான் விலைபோன வழிகாட்டிகள் வாய்த்தார்கள். அவருக்குச் சந்தேகம் தட்டியது. இரவோடு இரவாகப் பாதையை மாற்றி, ஹைதரின் ஆட்கள் காத்திருந்த இடத்துக்கே போகாமல், சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தார். அடுத்த நாள் பொள்ளிலூரில் அந்தச் சேனை முழுவதும் நாசமானது வேறு விஷயம். அந்த இரவில் அவரைக் காப்பாற்றியது சந்தேகந்தான்.

நம்பவும் வேண்டும், சந்தேகிக்கவும் வேண்டும் என்றால் என்னதான் செய்வது? வள்ளுவர் ஒற்றாடல் என்ற அதிகாரத்தில் வழி சொல்லியிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொருவனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம். பொன் கொடுத்து வாங்கிய கண்ணை, இன்னும் கொஞ்சம் பொன் கொடுத்து இன்னொருவன் வாங்கிவிடக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கர்னலுக்குக் கண்கள் போதவில்லை என்பதில்லை. எல்லாம் ஒரே கடையில் வாங்கிய கண்கள். அந்தக் கடையே கைமாறிவிட்டது. பிரெய்த்வெயிட் பிற்பாடு, 1793-இல், புதுச்சேரியையே பிடித்து, இழந்த பெயரை மீட்டுக்கொண்டார். கொள்ளிடக் கரையில் விழுந்த சிப்பாய்களுக்கு மீட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. விலைபோனவர்கள் ஒற்றர்கள், விலை கொடுத்தவர்கள் இவர்கள்.