யாருடைய சொம்பு இது?

உங்கள் வீட்டில் இருக்கிற பழைய எவர்சில்வர் சொம்பையோ குடத்தையோ எடுத்து ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். பாட்டியின் பெயராக இருக்கலாம், சீர் கொடுத்த மாமாவின் பெயராக இருக்கலாம். சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் பெயராகவும் இருக்கும் (உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!). பாத்திரக் கடைக்காரர் ஒரு சின்ன மெஷினை வைத்துக்கொண்டு 'டர்ர்ர்' என்று வெட்டித் தருவாரே, அதற்கு ஒரே காரணம்தான். கல்யாணம், காதுகுத்து என்று நாலு வீட்டுப் பாத்திரம் ஒரே இடத்தில் குவிந்தால், எது யாருடையது என்று சண்டை வரக்கூடாது.

இது எவர்சில்வரோடு வந்த பழக்கம் இல்லை. கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று தமிழ்-பிராமி எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டிலும் எழுத்துக் கீறிய ஓடுகள் உண்டு. அங்கே இன்னொரு ரகமும் கிடைத்தது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அகப்பட்ட சிவப்புப் பளபளப்புத் தட்டுகள். இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் சரக்கு. அதில் 'விபியே', 'காமுரி', 'இட்டா' என்று பட்டறை முத்திரை குத்தியிருந்தது. அந்தச் சரக்கு இத்தாலியில் எப்போது செய்யப்பட்டது என்பது ஏற்கெனவே தெரியும். அதை வைத்துத்தான் வீலர் அரிக்கமேட்டின் வயதையே கணக்குப் போட்டார்!

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பாகூர். ஏரியும் நெல்வயலுமாக இருக்கிற இந்த ஊர், ஒன்பதாம் நூற்றாண்டில் பெரிய கல்விச்சாலை நடந்த இடம். நிலைதாங்கி என்ற தலைவர் கேட்டுக்கொள்ள, பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் தனது எட்டாவது ஆட்சியாண்டில், சுமார் 877-ல், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களை இந்த 'வித்யாஸ்தான'த்துக்கு எழுதிக் கொடுத்தான். சம்ஸ்கிருதத்திலும் தமிழிலும் ஐந்து செப்பேடுகள், ஒரு வளையம், அதில் காளை முத்திரை. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எல்லை எது, எல்லாம் அதில் சுத்தமாக இருக்கிறது.

அந்த ஏடுகள் எப்போதோ தொலைந்தன. ஆயிரம் வருஷம் கழித்து 1879-ல் பாகூரிலேயே அகப்பட்டன. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் யாரிடம்? கல்விச்சாலையும் இல்லை, அரசனும் இல்லை. பண்டிதரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டிய நிலை. கடைசியில் ஏடுகள் பாரிஸ் தேசிய நூலகத்துக்குக் கப்பலேறின.

இதில் ஒரு வேடிக்கை. அதற்கு முந்தைய ஆண்டு, 1878-ல்தான் பிரிட்டிஷ் இந்தியாவில் புதையல் சட்டம் வந்தது. மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். பாகூர் பிரெஞ்சுக்காரர் பூமி, அந்தச் சட்டம் செல்லாது. அவர்களுடைய சிவில் சட்டத்தில் புதையல் என்றால், கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. சில மைல் தள்றிக் கடலூர்ப் பக்கம் கிடைத்திருந்தால் ஏடுகளின் ஜாதகமே வேறு!

செப்பேட்டில் எழுத்து இருந்தது, முகவரி இருந்தது. 'இது இன்னாருடையது' என்று அடையாளம் சொல்ல ஆள்தான் இல்லை. தொலைந்ததைக் கண்டுபிடிக்கும் கருவி செய்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

சலவைத் தொழிலாளர்கள் இதை வேறு மாதிரி சமாளித்தார்கள். சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் போடுகிற குறி எத்தனை வெளுப்புக்கும் போகாது. அதில் பெயர் கிடையாது. இரண்டு புள்ளி, ஒரு கோடு, அவ்வளவுதான். உங்களுக்கும் எனக்கும் அது வெறும் கறை. போட்டவருக்கு மட்டும் அது எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியும். பானையில் இருக்கும் பெயரை யாரும் படிக்கலாம், சலவைக் குறியை உரியவர் மட்டுமே படிக்க முடியும்.

இன்றைய எலெக்ட்ரானிக் டேக், சலவைக் குறியின் பேரப்பிள்ளை. 2013-ல் அமெரிக்காவின் 'டைல்' நிறுவனம் முன்பணம் வாங்கிக்கொண்டு இதைப் பிரபலமாக்கியது. 2021 ஏப்ரலில் ஆப்பிளின் 'ஏர்டேக்' வந்தது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டு. 'உள்ளே ஜி.பி.எஸ். இருக்கும், சாட்டிலைட் பார்த்துக்கொள்ளும்' என்று பலர் நினைக்கிறார்கள். கிடையவே கிடையாது! பொத்தான் பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி புளூடூத் ரேடியோ, விட்டு விட்டு ஒரு ரகசிய எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கமாகப் போகிற யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைப் பூட்டுப் போட்டு அனுப்பும். சாவி, பொருளைத் தொலைத்தவரின் போனில் மட்டும். செய்தி அனுப்பியவருக்கே தான் அனுப்பியது தெரியாது.

தி.நகரில் இது பிரமாதமாக வேலை செய்யும். பாகூர் வயல்வரப்பில்? ஏர்டேக் சொல்வதைக் கேட்டு இடம் சொல்வது ஆப்பிள் கருவிகள் மட்டுமே. ஆண்ட்ராய்டு போன்களுக்காக கூகுள் 2024-ல் இதேபோல ஒரு வலையை ஆரம்பித்தபோது, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில், பல போன்கள் கேட்டால்தான் இடம் சொல்லும்படி அமைத்தது. எல்லா இடத்திலும் சொல்ல வேண்டுமென்றால் அவரவர் செட்டிங்கில் போய் மாற்ற வேண்டும். அதற்குக் காரணமும் நியாயமானது. ஒரு பெண்ணின் கைப்பையில் யாரோ டேக்கைப் போட்டுவிட்டுப் பின்தொடர்ந்தால் என்ன ஆகும்? அப்படி நடந்துமிருக்கிறது. 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, தெரியாத டேக் கூடவே வந்தால் போனில் எச்சரிக்கை வரும்படி செய்தன. ஆனாலும் ஒற்றை ஆள் சைக்கிளில் போகும் ஏரிக்கரையில் விழுந்த சாவிக்கொத்து, யாரும் கேட்காத குரலில் பேட்டரி தீரும்வரை பேசிக்கொண்டே கிடக்கும்.

வில்லியனூருக்கு வேறொரு தலைவலி. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் பஸ் ஏறினால், வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி, அப்புறம் வளவனூர் தமிழ்நாடு. பையைத் தவறவிட்டவர் எந்த மாநில போலீஸில் புகார் கொடுப்பது? ரேடியோ அலைக்கு இந்த எல்லைக்கோடு எதுவும் தெரியாது என்பது ஒரு வசதி.

இந்த ஊர்களுக்கென்று யாராவது ஒரு எளிய ஆப் செய்தால், என் யோசனை இது. மேப்பில் அழகான அம்புக்குறி அப்புறம் இருக்கட்டும். முதலில், டேக்கோடு தொடர்பு அறுந்த கடைசி இடத்தை உங்கள் போனே குறித்து வைத்துக்கொள்ளட்டும். அதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், அடுத்தவர் போனும் வேண்டாம். பாதி சாவிகள் அங்கேயே கிடைத்துவிடும். அடுத்து, தினமும் அதே பாதையில் போய்வருகிறவர்களைப் பிடிக்க வேண்டும். டவுன் பஸ் கண்டக்டர், பால் வண்டிக்காரர், தபால்காரர். ஒரு நாளைக்கு நாலு தடவை அதே ரோட்டில் போகிற கண்டக்டரின் போன், நூறு வழிப்போக்கர்களுக்குச் சமம். அவர் சம்மதித்தால் மட்டும்.

மூன்றாவது, டேக்கின் முதுகில் அழியாத மையில் ஒரு பெயர், ஊர், போன் நம்பர். முழு முகவரி வேண்டாம். சாவிக்கொத்தில் முகவரியையும் எழுதித் தொங்கவிட்டால் திருடனுக்கு விருந்து. போன் நம்பர்கூட வீட்டில் வேறொருவருடையதாக இருக்கட்டும், ஏனென்றால் தொலைந்த பைக்குள்ளேயே உங்கள் போனும் இருக்கலாம்!